பதினோரு ஜன்னலும் ஒரு கூடாரமும்

எங்கள் சேலையூர் வீட்டில் பதினோரு ஜன்னல்கள். மாலை ஐந்தரைக்கு அவற்றை அடைப்பது என் பொறுப்பு. செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து கொசு கிளம்பும் நேரம் அது. கால்மணி தாமதித்தாலும் அன்று இரவு முழுக்கக் கொசு மட்டையும் கையுமாகத் திரிய வேண்டியதுதான். முன்னறையில் மூன்று, இரண்டு படுக்கையறைகளிலும் சேர்த்து நான்கு, சமையலறையில் ஒன்று, குளியலறைகளில் இரண்டு, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒன்று. வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடைப்பேன். இருபத்தாறு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

எண்ணுவதுதான் என் பிழைப்பாகவும் இருந்தது. ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம். நான் பச்சைச் சீட்டு கட்டினால் பொருள் வாசலைத் தாண்டும். சிவப்புச் சீட்டு கட்டினால் தாண்டாது. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க வீடும் மனைவியும்தான் மிச்சம். அவளுக்கு இதில் வருத்தம் உண்டு.

அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். ஏழாம் வகுப்பில் குளிர்ப் பிரதேச மக்களின் இருப்பிடங்களைப் பற்றி ஒரு பாடம். கூம்பு மாதிரி ஒரு கூடாரம், உச்சியிலிருந்து வளைந்து போகும் புகைக் கோடு. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாள். வருஷத்துக்கு நான்கு பிரிவு, இருபத்தெட்டு வருஷம். கணக்குப் போட்டுச் சொன்னது நான்தான்.

“நூத்திப்பன்னெண்டு தடவை வரைஞ்சிருக்கேன். ஒரு தடவைகூட உள்ள உக்காந்ததில்ல” என்று அவள் மகளிடம் போனில் சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு கூடாரத்தைக் கொண்டுவந்துவிட்டாள். நடுவில் ஒற்றைக் கம்பு, சுற்றிலும் கித்தான், ஏழடி உயரம். உள்ளே விறகடுப்பு வைத்துக் குளிர்காயலாம். அடுப்பின் புகைக்குழாய் வெளியே போவதற்குத் தீப்பிடிக்காத துணியில் ஒரு வளையம் தைத்திருந்தது. அடிப்பக்கம் எதிரெதிராக இரண்டு காற்றுத் துவாரம், உச்சியில் ஒன்று. கூடவே உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை அலாரம். அடுப்பில் காற்று போதாமல் எரிந்தால் வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதை இந்த டப்பாதான் கண்டுபிடித்துக் கத்தும்.

கோத்தகிரிப் பக்கம் என் மனைவியின் தங்கைக்குச் சின்னத் தோட்டம் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் இந்தக் கூடாரத்தைப் போட்டு நான்கு நாள் இருந்துவிட்டு வருவது என்று அம்மாவும் மகளும் முடிவு செய்துவிட்டார்கள். துணிக் கூடாரம், உள்ளே நெருப்பு, அதன் பக்கத்தில் அறுபத்தேழு வயதில் என் மனைவி. நான் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரியும். ஒரு வருஷம் மொட்டைமாடியில் போட்டு வெயில், மழை, பனி எல்லாவற்றிலும் சோதிக்க வேண்டும், அதன் பிறகு போகலாம் என்றேன்.

அவள் கூடாரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“சரி. ஒரு வருஷம். அதுக்கப்புறம் நீங்க பாஸ் பண்ணாலும் போவேன், பண்ணாட்டியும் போவேன். தனியாப் போறதா சேர்ந்து போறதாங்கிறது மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க.”

அடுப்பு எடை அதிகம் என்பதால் மகள் அதைக் கொண்டுவரவில்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. என் கையால் பதினான்கு தடவை சிவப்புச் சீட்டு வாங்கியவர், ஆனாலும் மரியாதையாகப் பேசுவார். நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, அடுப்பா? தாம்பரத்துல எதுக்கு சார்? மே மாசம் ரோட்ல வந்து நின்னுகினா போதாதா?”

ஊட்டிப் பக்கம் போவதற்கு என்றேன். அவருக்குப் பாதி திருப்தி. பெட்டிக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு என்பதில் தகராறு வரவில்லை. குழாயில்தான் வந்தது.

“ஜி.ஐ. பைப் கைல கீது சார். வெட்டி மாட்டிக்கினு இன்னிக்கே எடுத்துனு போய்டலாம்.”

அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, சிவக்கச் சூடானால் அந்தப் புகையே நோய் கொடுக்கும், துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான் வேண்டும் என்றேன். அவர் தன் வெல்டரைப் பார்த்துச் சொன்னார், “சார் ரிட்டையர் ஆகியும் ரிட்டையர் ஆவல பாரு.” பதினெட்டு நாள் கழித்துச் சரியான குழாயோடு அடுப்பு வந்தது. குழாய் நான்கு துண்டு, உச்சியில் தீப்பொறி பறக்காமலிருக்க வலை போட்ட தொப்பி. முதல் இரண்டு தடவை வெட்டவெளியில் எரித்தோம். புதுப் பெயின்ட் கருகி வந்த நாற்றத்தில் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் ஒயர் எரிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மொட்டைமாடித் தட்டோட்டில் முளை அடிக்க முடியாது. இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் பன்னிரண்டில் மணல் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றைக் கட்டினேன். அடுப்புக்கு அடியில் செங்கல், அதன்மேல் கடப்பாக் கல். அடுப்புக்கும் கித்தானுக்கும் நடுவில் என் கையால் நான்கு சாண். குழாய் ஆடாமலிருக்க மூன்று கம்பி இழுத்துக் கட்டினேன். எட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு தீயணைப்பான், சாம்பல் அள்ள மூடி போட்ட இரும்பு வாளி. நடுக்கம்பின் கொக்கியில் அலாரம். நைலான் துணியோடு உள்ளே போகக் கூடாது, பருத்தி மட்டும். அடுப்பு எரியும்போது தூங்கக் கூடாது. கொசுவத்தி கொளுத்தக் கூடாது. இப்படிப் பதினேழு விதி. தட்டச்சு செய்து, லாமினேஷன் போட்டு, நடுக்கம்பில் கட்டினேன். ஒன்பதாவது விதி: கீழே உள்ள இரண்டு காற்றுத் துவாரமும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வெயில் காலத்தில் அடுப்பை எடுத்துவிட்டுக் கூடாரத்தை நிழலுக்கு மட்டும் வைத்திருந்தோம். என் மனைவி அதற்குள் பாய் போட்டு வடகத்துக்குக் காவல் இருந்தாள். வெயிலில் கித்தான் இற்றுப்போகுமோ என்று வாரம் ஒருமுறை தையல்களை விரலால் இழுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு தையல். ஆனியில் அடுப்பை மறுபடி பொருத்தியபோது குழாயைத் தட்டினேன். ஓசை மந்தமாக இருந்தது. கம்பியை விட்டுக் குத்தியதில் மண்ணுருண்டைகள் விழுந்தன. குளவிக் கூடு, மூன்று. தட்டாமல் பற்றவைத்திருந்தால் புகை முழுக்க உள்ளேதான் திரும்பியிருக்கும். அன்று விதி பதினெட்டாயிற்று.

ஐப்பசியில் வேறு கவலை. அடுப்பின் அடியில் துரு, கித்தானில் பூஞ்சை, விறகில் ஈரம். புயல் எச்சரிக்கை வந்த இரண்டு தடவையும் கூடாரத்தைப் பிரித்துப் படிக்கட்டில் வைத்தோம். முதல் தடவை பத்தொன்பது நிமிஷம், இரண்டாம் தடவை பதினான்கு. சவுக்குக் கட்டைகளை இரண்டு இரண்டாகத் தட்டிப் பார்ப்பேன். ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். ஈரக் கட்டை எரியாமல் புகையும், புகைகிற அடுப்பில்தான் விஷம் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் கட்டையை எடுத்து என் தலைக்கு அருகில் கொண்டுவந்து, “இதையும் தட்டிப் பாக்கவா?” என்றாள்.

மார்கழியும் வந்தது. அடுத்த மாதம் கோத்தகிரி. தை பிறந்த முதல் வாரம் கடைசிச் சோதனை என்று வைத்துக்கொண்டோம். அன்று மாலை நாலே முக்காலுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். காற்றே இல்லை. தென்னை ஓலைகூட அசையவில்லை. கட்டைகளில் இரண்டு ‘தொப்’ ரகம், இருந்தாலும் மழையில் நனைந்த விறகோடு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டுமே என்று போட்டேன். மனைவி பருத்திப் புடவையோடு உள்ளே உட்கார்ந்து, அடுப்பின்மேல் டீக்கு வைத்தாள். சேலையூர் குளிருக்கு அடுப்பு அதிகம்தான். ஸ்வெட்டரைக் கழற்றி நடுக்கம்பில் இருந்த கொக்கியில் மாட்டினாள்.

ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன். முன்னறை மூன்று, படுக்கையறைகள் நான்கு, சமையலறை, குளியலறைகள், படிக்கட்டு. மேலே வந்து பன்னிரண்டு வாளியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்து உட்கார்ந்தேன். மனதில் ஒரு நிம்மதி இருந்தது. எல்லாம் அடைத்தாயிற்று என்ற நிம்மதி. அந்த நிம்மதி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை வலிக்கிறது என்றாள். நாலு மணி காபியைக் குடிக்காததால் இருக்கும் என்றேன். எனக்கும் நெற்றியில் லேசாகக் கனத்தது. நானும் காபி குடித்திருக்கவில்லை.

எங்கோ தெருவில் ‘பீப் பீப் பீப் பீப்’ என்று கேட்டது. பின்பு அமைதி. மறுபடி நான்கு பீப்.

“யாரோ ரிவர்ஸ் எடுக்கறாங்க” என்றாள் மனைவி, கண்ணை மூடிக்கொண்டே.

ஆமாம் என்றேன். எங்கள் தெருவில் மாலை வேளையில் கார் பின்னால் வருவதும் அது பீப் போடுவதும் புதிதல்ல. ஆனால் என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. நான்கு, எட்டு, பன்னிரண்டு. எங்கள் வாசலிலிருந்து தெருமுனைச் சுவர் அறுபத்து நான்கு காலடி. இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. இந்நேரம் கார் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். நாற்பது. யாருக்கு இவ்வளவு நீளமான தெரு இருக்கிறது என்று யோசித்தேன். யோசனை மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது மாதிரி வந்தது. நாற்பத்தெட்டு. இந்தக் கார் எங்கேயும் போகவில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு கத்துகிறது.

எழுந்து அவள் ஸ்வெட்டரைக் கொக்கியிலிருந்து இழுத்தேன். அதன் அடியில் வெள்ளை டப்பா சிவப்பு விளக்கை அடித்துக்கொண்டு காதைப் பிளந்தது.

ஜிப் பாதியில் சிக்கியது. இரண்டு தடவை இழுத்தும் வரவில்லை. மூன்றாவதில் துணியோடு கிழிந்து திறந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “இருங்க, டீ கொதிக்குது” என்று அவள் சொன்னாள். குடித்தவர் பேசுவது மாதிரி குழறியது. இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கித் தண்ணீர்த் தொட்டி வரை கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். ஒன்பது காலடி. அவள் ஒரு பக்கமாகச் சரிந்து வாந்தி எடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. பிறகு இருபது. எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று கத்தி உதவிகூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர்தான் அலாரம் கேட்டு ஓடிவந்து எங்களைக் காரில் ஏற்றினார்.

மருத்துவமனையில் இரண்டு பேருக்கும் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஜெனரேட்டரை அறைக்குள் வைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கூடாரத்துக்குள் அடுப்பு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “கூடாரமா? எந்த ஊர்ல?” என்றார். இதே சேலையூரில், கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் என்றேன். அவர் எழுதுவதைத் தொடர்ந்தார். இன்னும் பத்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தால் கதை வேறு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வீடு வந்ததும் மாடிக்குப் போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. டீப் பாத்திரம் கரி. அட்டையை எடுத்துப் பதினெட்டு விதிகளையும் வரிசையாகச் சரிபார்த்தேன். ஒன்றிலிருந்து எட்டு வரை பிழையில்லை. ஒன்பதில் நின்றேன். கீழே இரண்டு துவாரமும் மூடியிருந்தன. மூடித்துணியின் ஒட்டுப்பட்டை ஓரம் வரை நன்றாக அழுத்தப்பட்டிருந்தது. அவ்வளவு ஒழுங்காக எங்கள் வீட்டில் அழுத்துகிறவன் ஒருவன்தான்.

அப்போதுதான் முந்தைய மாலையின் எண்ணிக்கை காதில் கேட்டது. படிக்கட்டு ஜன்னலில் பதினொன்று. அந்த ஜன்னலைத் தாண்டினால் மொட்டைமாடி. வாளிகளைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்த கால், குனிந்து அழுத்திய கை. பன்னிரண்டு. பதிமூன்று. பதினொன்றில் நிற்க வேண்டிய எண்ணிக்கை பதிமூன்றில் போய் நின்றதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

முதலில் அதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஈர விறகு என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள், டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னோம். ஈர விறகுக்கும் பங்கு உண்டு, அது பொய்யில்லை. மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தேன், இறங்கவில்லை. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் அடைச்சேன்” என்றேன். “கீழ இருக்கற ரெண்டையும். கொசு வந்துடும்னு.”

“தெரியும்” என்றாள். “பதிமூணுன்னு சொல்லிக்கிட்டேதான உள்ள வந்தீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்டேன்.

“நீங்க எண்ணினது காதுல விழுந்துச்சு. அப்பாடா, இனிமே கொசு வராதுன்னு நானும்தான் நினைச்சேன்.” ரசக் கரண்டியை வைத்துவிட்டு, “அலாரம் மேல ஸ்வெட்டரை மாட்டினது யாரு, நீங்களா?” என்றாள்.

பழைய பெட்டியைத் தேடி ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தேன். வேலையை விட்டு வரும்போது ஞாபகத்துக்காக எடுத்து வந்தவற்றில் இன்னும் முப்பத்தாறு இருந்தன. தேதி போட்டு, கையெழுத்திட்டு, நடுக்கம்பில் கட்டினேன். இது முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு நாள் அவள் மாடிக்கே போகவில்லை. மூன்றாம் நாள் காலை தையல் கத்திரியும் பழைய கொசுவலையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். அவள் கீழே மண்டியிட்டு, இரண்டு துவாரத்தின் மூடித்துணியையும் ஒட்டுப்பட்டையோடு சேர்த்து வெட்டி எறிந்தாள். இரண்டு பக்கமும் கொசுவலையை இரட்டையாக மடித்துவைத்துக் கித்தான் ஊசியால் தைத்தாள். கிழிந்த ஜிப்பையும் சரிசெய்து முடிக்க மதியம் ஆயிற்று. உச்சித் துவாரத்தின் மூடிக்கும் அதே கதி. அலாரத்தைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஸ்வெட்டர் மாட்ட முடியாத இடத்தில், கித்தான் சுவரில் அவள் தலை உயரத்துக்குத் தைத்த ஒரு வலைப்பையில் போட்டாள்.

“இப்ப அடைங்க பாப்போம்” என்றாள்.

அடைக்க ஒன்றும் இல்லை. வலையில் கை வைத்துப் பார்த்தேன், காற்று விரலில் பட்டது. நான்கு மாலை அடுப்பை எரித்து, அலாரத்தை உள்ளே வைத்துவிட்டு வெளியில் உட்கார்ந்தும், அதை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தும் பார்த்தேன். அதன் திரையில் எண் பூஜ்யத்திலேயே இருந்தது. சிவப்புச் சீட்டை எடுத்துவிட்டேன். பச்சை கட்டவில்லை. தனியாகவா, சேர்ந்தா என்று அவள் கேட்பதற்கு முன்னால் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

மாசி பிறந்த வாரம் கோத்தகிரி. தங்கையின் தோட்டத்தில் கூடாரத்தைப் போட்டோம், இந்தத் தடவை வாளி இல்லை, மண்ணில் பன்னிரண்டு முளை. மூன்றரைக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கட்டைகள் எல்லாம் ‘டங்’. அடுப்பு எட்டு மணி வரை, அதற்குப் பிறகு சாம்பலை வாளியில் அள்ளி மூடிவிட்டுக் கம்பளி என்று எழுதி வாங்கியிருந்தேன். அவள் அடுப்பின் அருகில் கால் நீட்டி உட்கார்ந்தாள். குழாயைப் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள். கரும்பலகையில் புகையைத் தவறான இடத்திலிருந்து வரைந்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொன்னாள். பின்பு டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

ஐந்தரை ஆனது. என் கை தானாகத் துவாரத்தின் பக்கம் போனது. வலை விரலில் தட்டியதும் திரும்பி வந்தது.

அப்போதுதான் கேட்டது. பீப், பீப், பீப்.

நான் அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்துவிட்டேன். இந்தத் தடவை ஜிப் சிக்கவில்லை. டீ பாதி அவள் சால்வையில், பாதி என் காலில். இருவரும் பனியில் நின்றோம். அவளுக்குப் பல் கிட்டியது. மேலே சரிவில், தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று பின்விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

“ரிவர்ஸுங்க” என்றாள்.

தெரிகிறது என்றேன். இருந்தாலும் அவள் கையை விடவில்லை. ஜீப் நிற்கும் வரை எண்ணினேன். இருபத்தாறோடு நின்றது. உள்ளே தலையை விட்டு அலாரத்தைப் பார்த்தேன், பூஜ்யம். மறுபடியும் ஒரு தடவை பார்த்தேன்.

“போலாமா, இல்ல இன்னொரு வண்டி வர்ற வரைக்கும் நிக்கணுமா?” என்று கேட்டாள். குளிரில் அவள் குரல் நடுங்கியது. அவளை முதலில் உள்ளே விட்டு, நான் ஜிப்பைப் பாதி மட்டும் இழுத்தேன்.